வீக்கம் வடிந்தது, விலை வடியவில்லை

"பணவீக்கம் குறைந்தது" என்ற தலைப்பைக் காண்போர் பலர் அதனை "விலை குறைந்தது" என்றே பொருள்கொள்கின்றனர். குற்றம் சொல்லினுடையது. வீக்கம் வடிந்தால் உடல் பழைய நிலைக்குத் திரும்பும். விலை அவ்வாறு திரும்புவதில்லை. பணவீக்க விகிதம் குறிப்பது, விலை ஓராண்டில் ஏறிய வேகத்தை மட்டுமே.

நாடு முழுவதற்குமான சில்லறைப் பணவீக்கம் 2024 அக்டோபரில் 6.21 விழுக்காடு, 2025 அக்டோபரில் 0.25 விழுக்காடு. உணவுப்பொருள்களை மட்டும் நோக்கினால், முதலாம் ஆண்டில் 10.87 விழுக்காடு ஏற்றம். மறு ஆண்டில் 5.02 விழுக்காடு இறக்கம். அதாவது, 2023 அக்டோபரில் 100 ரூபாய்க்குக் கிடைத்த உணவுப்பொருள் ஓராண்டில் 110 ரூபாய் 87 காசாகி, பின்னர் இறங்கியும் ஏறத்தாழ 105 ரூபாயில் நின்றது. பெரிதும் பேசப்பட்ட அந்தச் சரிவு, ஏறியதில் பாதியைத்தான் திருப்பித் தந்தது.

அந்த இறக்கமும் எல்லாப் பொருளுக்கும் உரியதன்று. காய்கறியும் பருப்பும் மலிந்த அதே ஆண்டில் சமையல் எண்ணெய் விலை ஏறியது. தேங்காயும் தேங்காய் எண்ணெயும் கடுமையாக ஏறின. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழ், மலையாளச் சமையலறைகளுக்குச் சராசரி இறங்கியது பெரிய ஆறுதலாகாது.

அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி திருத்தப்படுகிறது. அகவிலை என்றால் தானியவிலை. ஆயினும் வருவாயில் கணிசமான பகுதியை உணவுக்குச் செலவிடும் தாராவித் தையல் தொழிலாளிக்கும், வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் அந்தப் படி கிடையாது. அவர்கள் பேசித்தான் கூலி உயர்வு பெற வேண்டும். அப்பேச்சு இங்கே பெரும்பாலும் இந்தியில் நடக்கிறது. இந்தியிலோ "மெஹங்காயி" என்ற ஒரே சொல், விலை மிகுந்திருக்கும் நிலையையும் அது மிகும் வேகத்தையும் சுட்டுகிறது. "மெஹங்காயி குறைந்துவிட்டதே" என்று வீட்டுக்காரர் சொன்னால், நியாயமான கோரிக்கையும் பேராசையாகத் தோன்றிவிடுகிறது.

ஆகவே வீட்டுக்கணக்கில் விழுக்காட்டைவிட ரூபாயை நம்புவதே நன்று. அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், பால், தேங்காய் முதலிய பத்துப் பொருள்களின் விலையை மாதந்தோறும் ஒரே கடையில் கேட்டுக் குறித்துவைக்கலாம். பொட்டலத்தின் எடை குறைவதும் விலையேற்றமே. எனவே கிலோக் கணக்கிலும் லிட்டர் கணக்கிலும் எழுத வேண்டும். மலிந்த மாதத்தில் காய்கறியில் மிஞ்சும் தொகையைக் கொண்டு மளிகைக்கடைப் பாக்கியை அடைக்கலாம். கூலி கேட்கும் நாளில் அந்தப் பக்கமே சான்றாகும்.

இதனை வாசிக்கும் நம்மில் பலர் கூலி கேட்பவர்கள் அல்லர், கொடுப்பவர்கள். அடுத்தமுறை கூலி பேசும்போது சென்ற மாத விகிதத்தை எடுத்துக்காட்ட வேண்டாம். கடைசியாகக் கூலி உயர்த்திய நாளில் அரிசி என்ன விலை, இன்று என்ன விலை என்று கணக்கிடுவோம்.