கல்லாப்பெட்டிக்கு வாய்ப்பூட்டா?

"இங்கே அரசியல் பேசக்கூடாது" என்ற பலகையைச் சலூனிலும் தேநீர்க் கடையிலும் கண்டு சிரித்திருக்கிறோம். அதையே தம் நெஞ்சில் மாட்டிக்கொண்டு திரியும் முதலாளியைக் கண்டால் சிரிப்பு வருவதில்லை. கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். அரச அலுவலகங்களில் தமிழிலே கருமமாற்ற வேண்டுமெனக் கேட்கும் மகஜரில் தாம் இட்ட கையொப்பத்தை நீக்க வேண்டுமாம். "நாங்கள் வியாபாரிகள், தம்பி. எங்களுக்கேன் கருத்து?" என்றார். வரி கட்டுகிறார், வாக்களிக்கிறார், திருவிழாவுக்கு முதற் பணம் அவருடையது. கருத்து மாத்திரம் ஆகாதாம்!

அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பேச்சுச் சுதந்திரம் அங்கேதான் இருக்கிறது. வியாபாரம் செய்யும் சுதந்திரமும் அதே உறுப்புரையில், சில வரிகள் கீழே. ஒன்றை விற்று மற்றதை வாங்கும்படி சட்டம் எவரையும் கேட்கவில்லை.

அவருடைய அச்சம் வெறும் பிரமையுமன்று. 1983 ஆகஸ்டில் வந்த ஆறாம் திருத்தம், தனிநாட்டுக்கு ஆதரவாகப் பேசுபவரின் ஆதனத்தைப் பறிக்க வழி செய்தது. அனுமதிப்பத்திரம் வேண்டப்படும் வியாபாரத்தை நடத்தும் உரிமையையும் அவரிடமிருந்து பறிக்கலாம் என்றது. வாயையும் கடைச் சாவியையும் ஒரே கயிற்றில் கட்டிய சட்டம் அது, இன்றும் இருக்கிறது. ஆனால் தமிழும் அரச கரும மொழி என்று 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தம் சொல்லியிருக்க, அதை நடைமுறைப்படுத்தக் கேட்பவர்மீது அந்தக் கயிறு எப்படி விழும்?

மௌனம் காப்பாற்றும் என்பீர்களாயின், யாரைக் காப்பாற்றியது? 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழர் கடைகளுக்குத் தீ வைத்தவர்கள் முதலாளியின் கருத்தைக் கேட்டுவிட்டா வைத்தார்கள்? அன்று கொழும்பிலே திரிந்த கும்பல்களின் கையில் இருந்தது வாக்காளர் இடாப்பு. அதில் பெயர் இருந்தது; கருத்து இருக்கவில்லை.

"சிலாபத்தைப் பாருங்கள்" என்பார் சிலர். பார்ப்போம். 2019 மே 12 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்கு மூன்று வாரங்களின் பின், முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் முகநூலில் இட்ட ஒற்றை வரியை மிரட்டலாக எடுத்துக்கொண்ட கும்பல் அவர் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கியது. எழுதியவர் கைதானார். மறுநாள் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. அந்தக் கடைக்காரர்களா அவ்வரியை எழுதினார்கள்?

2007 ஜூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து அகற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. காரணம், ஒருவர் மனுவோடு போய் நின்றது. போனது மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம். வாடகை வாங்கியவர்கள் அல்லவா முதலில் போயிருக்க வேண்டும்?

ஊரிலே வெங்காய விலை விழுந்தால் கமக்காரன் அமைச்சரை முகத்துக்கு நேரே கேட்கிறான். அவனுக்கும் இழக்கத் தோட்டமுண்டு, கடனுமுண்டு. காலி வீதிக் கடைக்காரருக்கு மட்டும் என்ன தனி நோய்?

பெரியவரிடம் மகஜரையும் பேனாவையும் நீட்டி, "வெட்டுவதானால் நீங்களே வெட்டுங்கள், ஐயா" என்றேன். கண்ணாடியைப் போட்டுத் தம் பெயரை நெடுநேரம் பார்த்தார். பிறகு பேனாவைத் திருப்பித் தந்துவிட்டு, கடை திறக்க நேரமாகிறதென்று எழுந்து போனார்.