எண் செல்லுமா என்று யார் பார்ப்பது?

"உங்கள் பான் எண் செல்லுபடியாகிறதா என்று உடனே சரிபார்த்துக்கொள்ளுங்கள்." ஓய்வூதியம் வாங்கும் எவருடைய கைபேசிக்கும் இந்த வாசகம் ஒருமுறையாவது வந்திருக்கும். வங்கி அனுப்புகிறது, ஆடிட்டர் சொல்கிறார், பேரனும் சொல்கிறான். நான் கேட்பது ஒன்றுதான். எண்ணைக் கொடுத்தது அரசு. பதிவேட்டை வைத்திருப்பது அரசு. அந்த எண்ணைச் செல்லாததாக்குவதும் அரசு. அது செல்லுமா என்று பார்ப்பது மட்டும் எழுபது வயதுக்காரரின் வேலையாக எப்படி ஆனது?

முப்பது வருடத்துக்கு மேல் புதுச்சேரி அரசு அலுவலகங்களில் எழுத்தராக இருந்து பதிவேடுகளோடு வாழ்ந்தவன் நான். வேலையில் சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது: பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால், ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டுப் பதில் சொல்ல வேண்டியவர் அதை வைத்திருப்பவர். மனு கொடுக்க வந்தவரைப் பார்த்து, "என் பதிவேட்டில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், இல்லையென்றால் ஆயிரம் ரூபாய் கட்டுங்கள்" என்று நான் சொல்லியிருந்தால், அன்று மாலையே என் மேசையைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்கள்.

முதலில் இந்த எண்ணைப் பார்ப்போம். பான் 1972-ல் வந்தது. 1976-ல் சட்டத்தில் இடம் பிடித்தது. நம் அட்டையில் இருக்கும் பத்து இடங்கள் கொண்ட வடிவம் 1995-ல் வந்தது. முதல் மூன்றும் வரிசையாக வரும் எழுத்துகள். நான்காவது எழுத்து நீங்கள் யார் என்று சொல்லும்: தனிநபர் என்றால் 'பி', கம்பெனி என்றால் 'சி', அறக்கட்டளை என்றால் 'டி'. ஐந்தாவது, உங்கள் குடும்பப் பெயரின் முதல் எழுத்து. பிறகு நான்கு இலக்கங்கள். கடைசியில் ஓர் எழுத்து, அது சரிபார்ப்பு எழுத்து.

இந்தச் சரிபார்ப்பு எழுத்து என்பது எங்கள் காலத்துப் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புது விஷயம் இல்லை. பெருக்கல் கணக்குப் போட்டு முடித்ததும் முசே பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போடச் சொல்வார். அதன் நான்கு மூலைகளிலும் இலக்கங்களைக் கூட்டி, ஒன்பது ஒன்பதாகத் தள்ளி, மிச்சத்தை எழுதுவோம். 'பிரேவ் பார் நெஃப்'. எதிரெதிர் மூலைகள் ஒத்துப்போனால் கணக்கு சரி. ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு. 54 என்பதை 45 என்று மாற்றி எழுதினாலும் ஒன்பதுக்குத் தெரியாது, கூட்டினால் இரண்டும் ஒன்றுதான். பிரான்சின் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்குச் சாவி கணக்கிட்டவர்கள் ஒன்பதை விட்டு 97-ஐ எடுத்தார்கள். நம் ஊரில் பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் தங்கள் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். 13 இலக்கங்களுக்குப் பின் தனியாக இரண்டு இலக்கம் நிற்கும். முதல் பதின்மூன்றை 97-ஆல் வகுத்து, மீதியை 97-லிருந்து கழித்தால் அந்த இரண்டும் வந்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினால் 97 பிடித்துவிடும். ஆதாரின் பன்னிரண்டாவது இலக்கமும் இப்படி ஒரு காவலாளிதான். வெர்ஹோஃப் என்ற டச்சுக் கணித அறிஞர் 1969-ல் வெளியிட்ட முறை அது.

இதெல்லாம் நல்ல ஏற்பாடு. ஆனால் காவலாளிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: எண்ணை எழுதும்போது கை தவறவில்லை. அந்த எண் யாருக்காவது கொடுக்கப்பட்டதா என்பது அவனுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் கொடுக்கப்பட்டதா என்பதும் தெரியாது. இன்றைய தேதியில் அது உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியாது. ஆக, 'எண் செல்லுமா' என்ற ஒரே கேள்விக்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. வடிவம் சரியா? பதிவேட்டில் இருக்கிறதா? பெயரும் பிறந்த தேதியும் பொருந்துகின்றனவா? செயலில் இருக்கிறதா? முதல் கேள்விக்கு மட்டுமே அட்டையைப் பார்த்துப் பதில் சொல்ல முடியும். மற்ற மூன்றுக்கும் பதில் இருப்பது அவர்களுடைய பதிவேட்டில். அதைத்தான் நம்மைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

மூன்றாவது கேள்வியில்தான் நம் ஊர்க்காரர்கள் கால் இடறி விழுகிறோம். தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். பான் விண்ணப்பமோ முதலெழுத்தை ஏற்காது. விரித்து எழுது என்கிறது. எழுதினோம். அப்பா பெயர் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. எண்ணின் ஐந்தாம் எழுத்தில் அவரே உட்கார்ந்துவிட்டார். ஆதாரிலோ பழைய வழக்கப்படி முதலெழுத்தும் பெயரும். இயந்திரத்துக்கு இரண்டும் வேறு வேறு ஆள். பெண்கள் பாடு இன்னும் மோசம். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் முதலெழுத்து, பிறகு கணவருடையது. எந்தக் காகிதம் எந்த வருடம் எடுத்தது என்பதைப் பொறுத்து ஒரே அம்மாளுக்கு இரண்டு பெயர்.

புதுச்சேரிக்காரனுக்கு இதற்கு மேலும் ஒரு சோதனை உண்டு. எத்தா சிவில் பதிவில் நம்மவர்கள் பெயரைப் பிரெஞ்சு உச்சரிப்புக்கு ஏற்றபடி எழுதினார்கள். 'உ' ஒலிக்கு அங்கே 'ஓ', 'யூ' என்று இரண்டு எழுத்து வேண்டும். முருகனுக்குக் கடைசியில் ஓர் 'ஈ' வால் முளைக்கும். குமார் 'கே'யில் தொடங்க மாட்டார், 'சீ'யில் தொடங்குவார். கந்தசாமியும் அப்படியே. பிறப்புச் சான்றிலும் பள்ளிச் சான்றிலும் 'சீ', பிற்பாடு கணினி மையத்துப் பையன் அடித்த ஆதாரில் 'கே'. பானின் ஐந்தாம் எழுத்து எதைப் பின்பற்றியதோ, அது அவரவர் தலையெழுத்து. இப்படிப்பட்ட ஊரில், "பெயர் பொருந்தவில்லை, உங்கள் தவறு" என்று ஒரு திரை சொல்லும்போது, இது யார் தவறு என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

குடும்பப் பெயர் கேட்பதும் இந்த ஊருக்குப் புதிதில்லை. 1881-ஆம் வருடத்து ஆணைப்படி, சாதி சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பி, லபோர்த் ஆனது அப்படித்தான். அன்னிய ஆட்சிதான். இருந்தாலும் விரும்பியவர் போய் அறிவித்தார், அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதியது எழுதியபடி நின்றது.

இனி நான்காவது கேள்வி. 2017-ல் பானையும் ஆதாரையும் இணைக்கச் சட்டம் வந்தது. கெடு பலமுறை தள்ளிப்போனது. 2022 மார்ச் வரை இலவசம், அடுத்த மூன்று மாதம் 500 ரூபாய், பிறகு 1000 ரூபாய். 2023 ஜூன் 30-க்குள் இணைக்காத எண்கள் மறுநாள் முதல் 'செயலிழந்தவை'. இந்தியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் 80 வயது ஆனவர்களுக்கும் விலக்கு உண்டு. கணவர் பிரெஞ்சுக் குடிமகன், மனைவி இந்தியக் குடிமகள் என்று இருக்கும் வீடுகள் நம் ஊரில் எத்தனை! ஒரே கூரையின் கீழ் அவருக்கு ஒரு விதி, அந்த அம்மாளுக்கு ஒரு விதி. 80 ஆனவருக்கு அலைச்சல் வேண்டாம் என்று புரிந்துகொண்ட அரசுக்கு, 78 வயதுக்காரரின் முழங்காலும் வலிக்கும் என்பது புரியவில்லை.

செயலிழந்தால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த ஒரு விதவை அம்மாள், ஓய்வுபெற்ற ஆசிரியை. எட்டு லட்சம் ரூபாய் வைப்பு, ஏழு சதவீதம் வட்டி. வருடத்துக்கு 56,000. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை. ஏப்ரலில் தவறாமல் 15எச் படிவம் கொடுத்தார். வங்கியிலும் முத்திரை குத்தி நகல் தந்தார்கள். பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால் காலாண்டுக்கு 2,800 ரூபாய் குறைகிறது. இருபது சதவீதம். பானில் அப்பா பெயர், ஆதாரில் கணவர் முதலெழுத்து, அதனால் இணைப்பு நடக்கவில்லை, எண் செயலில் இல்லை, ஆகவே 15எச் செல்லாது. "எஸ்எம்எஸ் அனுப்பினோமே" என்றார்கள். அது போனது மகனுடைய பழைய எண்ணுக்கு. மகன் பாரிசுக்குப் போய் எட்டு வருடம் ஆகிறது. படிவத்தை வாங்கிய நாளில் எதிரே உட்கார்ந்திருந்த அந்த அம்மாளிடம் சொல்ல ஒரு நிமிடம் போதாதா?

பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்கலாமே என்பார்கள். எண் செயலிழந்திருக்கும் வரை திரும்பக் கொடுக்க மாட்டார்கள். அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாது. நம் பணத்தை அவர்கள் வைத்திருக்க, நாம் 1000 ரூபாய் கட்டி, முப்பது நாள் வரை காத்திருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் ஒரு சலுகை வந்தது. செயலிழந்த எண்ணுக்குக் கூடுதல் வரி பிடிக்காமல் விட்டவர்களுக்கு நோட்டீஸ் போனது. அவர்கள் முறையிட்டார்கள். எண் மே 31-க்குள் உயிர்பெற்றால், முந்தைய மார்ச் வரையிலான பாக்கியைக் கேட்க மாட்டோம் என்று சுற்றறிக்கை வந்தது. வரி பிடிக்கத் தவறியவர்கள் குரல் ஒரு வருடத்துக்குள் டில்லிக்குக் கேட்டுவிட்டது. வரி பிடிபட்டவர்கள் குரல் கேட்கவில்லை.

இதைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. "உங்கள் பான் செல்லாமல் போகும், உடனே சரிபாருங்கள், ஓடிபி சொல்லுங்கள்" என்று திருடனும் செய்தி அனுப்புகிறான். அவன் நடை வங்கியின் நடையைப் போலவே இருக்கிறது. அதே அவசரம், அதே மிரட்டல். பயந்து விரலை அழுத்தும் பழக்கத்தை முதியவர்களுக்கு ஊட்டியது யார்? பிறகு, ஏமாந்தவர் மேல் 'விழிப்புணர்வு இல்லை' என்று பழி.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். ஒரே ஆள் இரண்டு மூன்று பான் வாங்கி வருமானத்தைப் பிரித்து மறைக்கிறார், அதைப் பிடிக்கத்தான் இணைப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஒன்றுக்கு மேல் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம் என்று சட்டம் இருக்கிறது, தாராளமாகப் போடட்டும். கள்ள எண்ணைப் பிடிக்க வலை வீச வேண்டியதுதான். ஆனால் அந்த வலையில், முதலெழுத்து மாறிய ஆசிரியையும் 'சீ'க்குப் பதில் 'கே' விழுந்த குமாரும் சிக்கினால், அவர்களை எடுத்து விடுவது வலை வீசியவர் வேலை. அவர்களிடம் கட்டணம் கேட்பது நியாயமில்லை.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. வரி பிடிப்பவர்கள் வாடிக்கையாளர்களின் எண்களை மொத்தமாகச் சரிபார்க்கும் வசதியை வருமான வரித்துறை ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. வங்கி 15எச் படிவத்தை வாங்கும் அன்றே அதைப் பார்த்து, செல்லாது என்றால் அங்கேயே எழுதித் தரட்டும். பணம் பிடிப்பதற்கு முன் காகிதத்தில் ஒரு கடிதம் வரட்டும். முதலெழுத்து, எழுத்துக்கூட்டல் இவற்றால் மட்டும் வரும் பொருத்தமின்மைக்கு மூத்த குடிமக்களிடம் கட்டணம் வேண்டாம்.

அதுவரை, வேறு வழியில்லாததால், நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வருமான வரித்துறையின் மின்தாக்கல் தளத்தில், உள்நுழையாமலேயே, முதல் பக்கத்தில் 'வெரிஃபை பான் ஸ்டேட்டஸ்', 'லிங்க் ஆதார் ஸ்டேட்டஸ்' என்று இரண்டு இடங்கள் இருக்கின்றன. முதலாவதில் எண், அட்டையில் உள்ளபடி முழுப்பெயர், பிறந்த தேதி, கைபேசி எண் கொடுத்தால் செயலில் இருக்கிறதா என்று சொல்லும். இரண்டாவது, ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று சொல்லும். செய்தியில் வந்த இணைப்பைத் தொடாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் பொருந்தவில்லை என்றால், பான் சேவை மையத்தில் கைரேகை வைத்து இணைக்கவும் வழி உண்டு.

திரையில் வந்த பதிலை அச்செடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த 15எச் கொடுக்கும்போது கூடவே ஒரு கடிதமும் கொடுங்கள்: "என் பான் இன்று செயலில் உள்ளது. நாளை செயலிழந்ததாக உங்களுக்குத் தெரியவந்தால், வரி பிடிப்பதற்கு முன் எனக்குத் தபாலில் எழுதித் தெரிவிக்கவும்." இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் வரவு முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த மேசையை விட்டு எழுந்திருக்காதீர்கள்.