பட்டாவில் இருக்கிற ஏர்

பட்டாவுல பரப்புக்கு மேல 'ஹெக் - ஏர்'னு போட்டிருக்கும். நாம உழற ஏர் இல்லைங்க அது. இங்கிலீஷ்ல ஏ, ஆர், ஈ. 'ஹவ் ஆர் யூ'ல வருமே, அதே எழுத்துதான். இங்கே அர்த்தம் வேற: 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட்.

எங்க பெரியப்பா மகன் திருப்பூர் போய் 20 வருஷமாச்சு. பட்டாவுல 0 - 81.00னு இருந்ததை 81 சென்ட்டுன்னு நினைச்சு விலை பேசிட்டார். அட்வான்ஸ் வாங்கறதுக்கு முதல் நாள்தான் என்கிட்ட காட்டினார். சுளையா 2 ஏக்கர்! வாங்க வந்தவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

ஊர்ல யாரும் ஏர் கணக்குல பேசறதில்லை. பக்கத்துலயே ஏக்கர், சென்ட்டும் அச்சடிச்சா என்ன குறைஞ்சிடும்? டவுன்ல இருக்கிற நீங்களும் அப்பா பேர்ல கிடக்கிற பட்டாவை ஒரு தடவை எடுத்துப் பாருங்க.