கடிதத்திற்கு ஓர் இடம் வேண்டும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணினி அறிவியல் மாணவன், கரிவலம்வந்தநல்லூர்)

ஒழுங்குமுறை சுதந்திரத்திற்குப் பகை என்று எண்ணுவோர் பலர். ஆனால் ஒழுங்கில்லாத இடத்தில் முதலில் தவிப்பவன் புதிதாக வருபவனே. தபால் துறையையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் 'நல்லூர்' என்று முடியும் ஊர்கள்தாம் எத்தனை! எங்கள் கரிவலம்வந்தநல்லூரும் அவற்றுள் ஒன்று. ஒரே மாதிரியான ஊர்ப்பெயர்களாலும் பல மொழி முகவரிகளாலும் குழப்பம் நேர்ந்தது. அதைத் தீர்க்க 1972 ஆகஸ்டு 15 அன்று ஆறு இலக்க பின்கோடு வந்தது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலம். இதனால் எந்த ஊரும் தன் பெயரை இழந்துவிடவில்லை; கடிதத்திற்கு வழி தெரிந்தது, அவ்வளவுதான்.

கணினிக்குள் வரும் கடிதத்திற்கு இந்த வசதி இன்னும் முழுமையாக வாய்க்கவில்லை என்பதே என் கருத்து.

யூனிக்ஸும் அதன் வழியில் அமைந்த லினக்ஸும் நமக்கு அந்நியமல்ல. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் மாணவர் கைக்கு வந்தது. இத்தகைய கணினிகளில் கடிதம் எந்தக் கோப்பகத்தில் தங்குகிறது? விடை ஒன்றல்ல.

1971-ல் வந்த முதல் யூனிக்ஸில் கடிதம் அவரவர் சொந்தக் கோப்பகத்திலேயே சேர்ந்தது. 1979-ல் வந்த ஏழாம் பதிப்பில் அது '/யூஎஸ்ஆர்/ஸ்பூல்/மெயில்' என்ற பொது இடத்தில் இருந்தது. சிஸ்டம் ஃபைவ் '/யூஎஸ்ஆர்/மெயில்' என்றது. பின்னர் '/வார்/ஸ்பூல்/மெயில்' என்றும் '/வார்/மெயில்' என்றும் இரு வழக்குகள் நிலைத்தன. கடிதத்தைச் சேர்க்கும் நிரல் ஓரிடத்தில் போட, படிக்கும் நிரல் வேறிடத்தில் தேடினால் என்னாகும்? வந்த கடிதமும் வராத கடிதமே!

லினக்ஸ் கோப்பகங்களுக்குப் பொது விதிகளை வகுக்கும் முயற்சி 1994-ல் முதல் வடிவம் பெற்றது. 2015-ல் வெளிவந்த அதன் 3.0 பதிப்பு, கடிதங்களை '/வார்/மெயில்' வழியாக அடைய முடிய வேண்டும் என்கிறது. பழைய இடத்திலிருந்து கடிதங்களைப் பெயர்த்தே ஆகவேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. புதிய பெயரிலிருந்து பழைய இடத்திற்கு ஓர் இணைப்பு இருந்தாலும் போதும். தெருவுக்குப் புதுப் பெயர் சூட்டினாலும் வீட்டை இடிக்காத நல்ல முறை இது. இதை நான் மனமார வரவேற்கிறேன்.

எனினும் வேலை பாதியே முடிந்திருக்கிறது. பயனரின் சொந்தக் கோப்பகத்திற்குள் கடிதங்களை வைக்கும் இடத்திற்கு இவ்விதிகள் ஒரு பெயரும் தரவில்லை. ஒரு நிரல் 'எம்பாக்ஸ்' என்கிறது. இன்னொன்று 'மெயில்' என்கிறது. வேறொன்று 'மெயில்டிர்' என்கிறது.

நம் கிராமத்து வீடுகளில் கடிதங்களைக் குத்தி வைக்கும் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். எம்பாக்ஸ் அத்தகையது. எல்லாக் கடிதமும் ஒரே கோப்பில் இருக்கும். நடுவில் ஒன்றை உருவ வேண்டுமானால் மற்றவற்றையும் அசைக்க வேண்டும். 1990-களில் டேனியல் பெர்ன்ஸ்டைன் வகுத்த மெயில்டிர் முறையில் ஒவ்வொரு கடிதமும் தனிக் கோப்பு. ஒன்று கெட்டாலும் மற்றவை பிழைக்கும். ஆகவே சொந்தக் கோப்பகத்தில் மெயில்டிர் என்ற ஒரே பெயரை விதியாக்க வேண்டும் என்பேன். ஆய்வுக்கூடக் கணினியில் லினக்ஸைப் புதிதாக நிறுவும்போது மாணவரின் சொந்தக் கோப்பகத்தை மட்டும் நகலெடுத்தால், '/வார்/மெயில்' கடிதங்கள் அழிந்துபோகும். கடிதம் உரியவனோடு இருப்பதே நீதி.

"ஜிமெயில் இருக்க இந்த ஆராய்ச்சி எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கலாம். கைப்பேசியில் நாம் காணும் கடிதமும் எங்கோ ஒரு கணினியின் கோப்பகத்தில்தான் இருக்கிறது. அதைப் பராமரிக்கும் வேலைக்கு நாளை நம்மில் சிலர் போவோம். "அவரவர் விருப்பம்போல் வைத்துக்கொள்ளட்டுமே" என்பாரும் உண்டு. விருப்பம் உள்ளவர் மாற்றிக்கொள்ளட்டும். மாற்றாதவருக்கு ஓர் இடம் உறுதியாக இருக்கட்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். கணினி பற்றிக் கேட்க வீட்டில் அண்ணனோ மாமாவோ இல்லை. "இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று எழுதாமல் விடப்படும் செய்தி, எங்களைப் போன்றோர்க்குப் பூட்டிய கதவு. எழுதிவைத்த விதியோ யார் பிள்ளை என்று கேட்பதில்லை. படித்தவன் எவனுக்கும் வழிகாட்டுகிறது. பொது விதி வேண்டும் என்று நான் வாதிடுவது இதற்காகவே.

உலகம் விதி வகுக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கடிதம் எங்கே சேரும், எதை நகலெடுக்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்ற மூன்றையும் தமிழில் எழுதி நம் ஆய்வுக்கூடச் சுவரில் ஒட்டுவோம். பேராசிரியர்கள் இசைந்தால் அந்தத் தாளை எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கையர் அந்தத் தாளிலிருந்து தொடங்கட்டும்!