பேசாமலே கைத்தட்டல் வாங்கியவர்

வானொலியில் எங்களுக்கு இருக்கும் பெரிய பயம் மௌனம்தான். ஐந்து விநாடி சத்தம் வரவில்லை என்றாலே கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தட்டுவார்கள். அதனால்தான், ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அரங்கத்தையே கைத்தட்ட வைத்தவரின் கதையைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. காரணம் ஓர் எண்.

147,573,952,589,676,412,927.

மொத்தம் 21 இலக்கங்கள். சதுரங்கப் பலகையில் அரிசி வைக்கும் கதை நமக்குத் தெரியும். முதல் கட்டத்தில் 1, அடுத்ததில் 2, பிறகு 4 என்று இரட்டிப்பாகும். 64 கட்டங்களோடு இன்னும் மூன்றைச் சேர்த்து 67 ஆக்கினால், மொத்த அரிசி இத்தனைதான். அதாவது 2-ஐ 67 முறை பெருக்கி, 1-ஐக் கழித்தால் வரும் எண்.

1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இதைப் பகா எண் என்றார். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது என்று பொருள். 1876-இல் கணித அறிஞர் லூகாஸ் அது தவறு என்று காட்டினார். ஆனால், எந்த எண்ணால் வகுபடும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. சாவி வீட்டுக்குள்தான் இருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை!

1903 அக்டோபர், நியூயார்க். அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்தார். கரும்பலகையில் 2-ஐ 67 முறை பெருக்கி, 1-ஐக் கழித்தார். பக்கத்தில் இன்னொரு கணக்கு: 193,707,721 × 761,838,257,287. கையாலேயே பெருக்கினார். இரண்டு விடைகளும் ஒன்று! பேசாமல் போய் உட்கார்ந்தார். அரங்கம் கைத்தட்டியதாம். எத்தனை நாள் ஆனது என்று கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

பெரிய எண்களின் குணமே இதுதான். பெருக்குவது சுலபம், பிரிப்பது கடினம். இணையத்தில் நம் ரகசியங்களைக் காக்கும் ஆர்.எஸ்.ஏ. முறையும் இதைத்தான் நம்பியிருக்கிறது. அங்கே 600 இலக்கங்களுக்கும் மேற்பட்ட எண்கள் சாதாரணம்.

இதை அக்காள் மகளிடம் சொன்னேன். "ஃபோன்ல போட்டா உடனே வந்துடும், சித்தி. இதுக்குப் போய் மூணு வருஷமா?" என்றாள். நான் பென்சிலையும் தாளையும் நீட்டினேன். பிரிக்க வேண்டாம், கோல் கண்டுபிடித்ததைப் பெருக்கினால் போதும் என்றேன். ஒரு மணி நேரம் ஆனது. முதல் முறை தப்பு. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். கடைசி வரி இலக்கத்துக்கு இலக்கம் ஒத்துப்போனதும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் எதுவும் பேசவில்லை. ஐந்து விநாடிக்கு மேலேயே இருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலும் ஒரு பென்சிலை எடுத்துப் பாருங்களேன்.