சொந்த ஊர் எதுன்னு யாரைக் கேட்கிறோம்?

யானைக்கவுனியில் ஒரு வங்கியில் குமாஸ்தா நான். போன மாசம் பாசிமணி விற்கிற அம்மா ஒருத்தர் கணக்கு தொடங்க வந்தாங்க. வரிசையில் பின்னால் நின்ற குஜராத்தி சேட்டு தன் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரிச்சார். அந்தம்மா திரும்பித் தன் பாஷையில் பட்டுன்னு பதில் கொடுத்தாங்க. சேட்டு முகம் சுருங்கிப்போச்சு. புரிஞ்சிருக்கு.

புரியாமல் என்ன? வாக்ரிபோலி இந்தோ-ஆரிய மொழி, குஜராத்திக்கு உறவு. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970இலேயே அதைப்பற்றி நூல் வெளியிட்டிருக்கிறது. குஜராத்தோ, மேவாடோ என்று அவர்களது குலப்பெயர்களே வந்த திசையைச் சொல்கின்றன. ரெண்டு பேரும் வடமேற்கிலிருந்து வந்தவங்கதான். ஒருத்தர் சேட்டு, இன்னொருத்தர் குருவிக்காரி. இது வரலாறா, சாதியா?

அந்தம்மாவிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்டேன். படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. சேட்டிடம் ஒருநாளும் கேட்டதில்லை. பூர்வீகம் கேட்பது ஆராய்ச்சி அல்ல தோழர்களே, அதிகாரம்.

கேட்டுக் கேட்டே அவர்களையும் பதில் தேட வைத்துவிட்டோம். சிவாஜியின் படைவீரர் என்கிறார்கள், ராஜபுத்திரர் என்கிறார்கள். நம்மிலும் 'ஆண்ட பரம்பரை' தேடுகிறவர்கள் உண்டு. வாளேந்திய பாட்டன் கிடைத்தால்தான் பேரன் மனுசனா? உரிமைக்கு வம்சாவளி எதற்கு?

இவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு சொன்னது 1965இல். நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். 57 வருசம். சேர்த்த பெயரையாவது பாருங்கள்: 'நரிக்கொரவன், குருவிக்காரன்'. தங்களை அவர்கள் அழைத்துக்கொள்ளும் 'வாக்ரி' அதில் இல்லை. குறவர்களோ மொழியாலும் மரபாலும் வேறு மக்கள். தங்கள் பெயரை இவர்களுக்கு ஒட்டுவதைக் குறவர் அமைப்புகளும் எதிர்க்கின்றன. ஆக, ஊரார் வைத்த பெயர், அதுவும் 'ன்' விகுதியோடு. பட்டியலில் அப்படி எழுதப்பட்ட பெயர் எப்படிக் குத்தும் என்று நமக்குத் தெரியாதா?

பட்டியலில் வாக்ரி என்ற பெயர் ஏற வேண்டும் என்று நாமும் சேர்ந்து கேட்க வேண்டும். அதுவரை நம்ம கூட்டத்தில், நம்ம பத்திரிகையில், நம்ம வாயில் அந்தப் பெயர் வரட்டுமே. அதுக்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.