சட்ட சந்தேகம்: கடன் முடிந்தது... வில்லங்கம் முடியவில்லையே!

‘‘கிணற்றை ஆழப்படுத்தவும் சொட்டுநீர் அமைக்கவும் 2018-ம் ஆண்டு நிலப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கினோம். 2024 மே மாதம் வட்டியோடு கட்டி முடித்து, பத்திரத்தையும் ‘பாக்கி இல்லை’ கடிதத்தையும் வாங்கிவிட்டோம். மகள் திருமணத்துக்காக அரை ஏக்கரை விற்க முயன்றால், வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் அப்படியே இருக்கிறது. வாங்க வந்தவர் முன்பணம் தர மறுக்கிறார். என்ன செய்வது?’’

- வாசகி, விழுப்புரம் மாவட்டம்.

‘‘கவலை வேண்டாம். உங்கள் நிலத்தின் மீது இப்போது கடன் இல்லை. ஆனால், அது சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் தெரியாது. கடன் வாங்கும்போது, பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணம் அங்கே பதிவாகியிருக்கும். கடன் முடிந்ததையும் அதேபோல் பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் வரும். வங்கி கொடுத்த கடிதம் மட்டும் போதாது.

இதற்குப் பதிவு செய்ய வேண்டியது ‘ரசீது ஆவணம்’. எழுதிக் கொடுப்பவர் வங்கி, பெறுபவர் நீங்கள். பழைய ஒப்படைப்பு ஆவணத்தின் எண், ஆண்டு, சர்வே எண், கடன் முடிந்த தேதி ஆகியவை பிழையில்லாமல் இருக்க வேண்டும். வங்கி மேலாளரோ, அதிகாரம் பெற்ற அலுவலரோ கையெழுத்திட வேண்டும். கிளை மூடப்பட்டிருந்தாலோ, வங்கி வேறொன்றுடன் இணைந்திருந்தாலோ, உங்கள் கணக்கு இப்போது உள்ள கிளையை அணுகுங்கள். கடன் தொகையோடு ஒப்பிட்டால் இதற்கான செலவு மிகக் குறைவு.

பதிவு முடிந்ததும் புதிய வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பழைய கடன் பதிவு அழிந்திருக்காது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்தப் பதிவோடு ரசீது ஆவணமும் சேர்ந்து வரும். வாங்குபவருக்கு அதைக் காட்டினால் போதும். அடமான விவரங்களை வைத்திருக்கும் மத்தியப் பதிவகமான ‘செர்சாய்’ பதிவையும் முடித்துவிடச் சொல்லி வங்கியிடம் கேளுங்கள். அடுத்த கடனுக்குப் போகும்போது அதையும் பார்ப்பார்கள்.

வங்கி இழுத்தடித்தால், கிளையில் மனு கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். கடன் முடிந்த 30 நாள்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவகங்களில் உள்ள பொறுப்பையும் நீக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. அது தனிநபர் கடன்களுக்கான உத்தரவு என்பதால், உங்கள் கடனுக்கும் பொருந்துமா என்று வங்கியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தாமதத்துக்கு வங்கியே காரணம் என்றால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்கிறது அந்த உத்தரவு. பொருந்தும் என்றால், மனுவில் இதைக் குறிப்பிடுங்கள். 30 நாள்களில் பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம்.

தனியாரிடம் அடமானம் வைத்தவர்களுக்கும் ரசீது ஆவணம் அவசியம். கடன் கொடுத்தவர் காலமாகிவிட்டால், அவருடைய வாரிசுகள் அத்தனை பேரையும் தேடிக் கையெழுத்து வாங்க அலைய வேண்டியிருக்கும். எனவே, கடைசித் தவணை கட்டும் நாளிலேயே, ‘ரசீது பதிவுக்கு என்றைக்கு வருகிறீர்கள்?’ என்று கேட்டுத் தேதி வாங்கிவிடுங்கள்.’’